மாமன் மடி: அடித்தல் திருத்தல்களுடன்

1

இந்தக் கதை முழுக்க என்னுடையது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு வாக்கியம் எனக்கு ஓசியில் கிடைத்தது. மிச்சத்தையெல்லாம் நான் இட்டுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எண்பத்திரண்டாம் வருஷம் என்று ஞாபகம். ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூர் வழியாகப் போகிற பஸ். எனக்கு முன்சீட்டில் ஓர் அம்மாளும் அவள் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். காதில் தோடு இல்லை. தோடு இல்லாததுகூடப் பரவாயில்லை, துளையே இல்லை. பக்கத்தில் கூடையோடு நின்ற ஒருத்தியால் சும்மா இருக்க முடியவில்லை.

“ஏனுங்க, பொட்டப் புள்ளைக்கு இன்னுங் காது குத்தலீங்களா?”

“எங்கண்ணன் எந்திரிச்சு நடந்து வந்து, மடியில வெச்சுத்தானுங்க குத்தறது.”

“அண்ணனுக்கு என்னாச்சுங்க?”

அதற்குள் ஆட்டையாம்பட்டி வந்துவிட்டது. தாயும் மகளும் இறங்கிவிட்டார்கள். பதிலும் அவர்களோடு இறங்கிப் போயிற்று.

(தெரியாதவர்களுக்காக: எங்கள் பக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். பெற்ற தகப்பன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.)

அந்தப் பெண்ணின் வெறும் காது என்னை விடவில்லை. அந்த அண்ணன் யார், ஏன் எழுந்திருக்கவில்லை, எப்போது எழுந்திருப்பான் என்று மண்டையைக் குடைந்தது. விசாரித்துப் போயிருந்தால் உண்மை கிடைத்திருக்கும். நான் கதை எழுதுகிறவன். வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

2

முதல் தொடக்கம்: “மணியன் கிணற்றுக்குள் விழுந்தபோது மேற்கே சூரியன் செக்கச் செவேலென்று —” [வேண்டாம். விழுகிறவன் சூரியனையா பார்ப்பான்?]

இரண்டாம் தொடக்கம்: “சேலம் மாவட்டத்தின் தென்பகுதியில் பருவமழை பொய்த்ததன் விளைவாக நிலத்தடி நீர்மட்டம் —” [இதைத் தாசில்தார் எழுதட்டும்.]

மூன்றாவது தொடக்கம் பின்வருமாறு. இதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை.

மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்று மணியன் கிணற்றுக்குள் இறங்கினான், பாதியில் கால் வழுக்கிற்று. கிணற்றில் தண்ணீர் இருந்திருந்தால் விழுந்தவன் நனைந்துகொண்டு ஏறி வந்திருப்பான், ஊர் சிரித்திருக்கும். அந்த வருஷம் அடியில் வெறும் பாறை. மல்லாக்க விழுந்தான். மேலே இருந்தவர்கள் அக்குளில் கயிற்றைக் கட்டி, உட்கார்ந்த வாக்கில் இழுத்து மேலே ஏற்றினார்கள்.*

அடுத்த வாரம் அவன் தங்கை சௌந்திரத்தின் குழந்தைக்குக் காது குத்து. ஆசாரிக்குச் சொல்லியாயிற்று. குழந்தையை மடியில் வைப்பதற்காகக் கரை போட்ட புது வேட்டி ஒன்று எடுத்து வைத்திருந்தான். தாயில்லாப் பிள்ளைகள் அவர்கள் இருவரும். தங்கையைத் தூக்கி வளர்த்தவன் அவன்தான். அவளுக்கு வேறு அண்ணன் தம்பி கிடையாது.

இடுப்புக்குக் கீழே எல்லாம் அப்படியேதான் இருந்தது. தொடை இருந்தது, முழங்கால் இருந்தது, பாதத்தில் பழைய முள் குத்திய தழும்புகூட இருந்தது. அங்கிருந்து சேதி வருவதுதான் நின்றுவிட்டது. கிள்ளினால் தெரியவில்லை, சூடு வைத்தாலும் தெரியவில்லை.

சௌந்திரம் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே குலசாமி கோயிலுக்குப் போனாள். வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள்:

“எங்கண்ணன் எந்திரிச்சு நடந்து இந்தக் கோயிலுக்கு வரோணும். அன்னைக்குத்தான் எம்புள்ளைக்குக் காது குத்துவேன். அது வரைக்கும் இவ காதுல ஒரு பொட்டுத் தங்கம் ஏறாது சாமி.”

கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தங்கச்சி என்றால் இவளல்லவா தங்கச்சி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கதை இவ்வளவு மோசமான இடத்துக்கு வந்துவிட்டது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

* முதுகெலும்பு முறிந்தவனை வளைக்காமல் பலகையில் படுக்கவைத்துத் தூக்க வேண்டும். இன்றைக்கு எழுதுகிற எனக்குத் தெரிகிறது. இழுத்தவர்கள் பெயரைப் போட இருந்தேன். பாசத்தோடு இழுத்தவர்களுக்கு எதற்குப் பெயர்?

3

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டிப் போனால் நீங்களே கேட்பீர்கள். மணியனுக்குக் கல்யாணம் ஆகவில்லையா?

முதல் பிரதியில் ஆகியிருந்தது. ராமாயி என்று ஒரு மனைவி இருந்தாள். நல்லவள். ஆனால் அவள் வந்த பக்கத்திலெல்லாம் கதை அவள் பின்னாலேயே போயிற்று. படுத்திருப்பவனை விட்டுவிட்டு நானும் அவளோடு தண்ணீருக்கும் காட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். இது சரிப்படாது என்று அவளை வெளியே அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொண்டு போனாள். அவளுக்கென்று தனியாக ஒரு கதை எழுத வேண்டும். எழுதுகிற தெம்பு எனக்கு வரட்டும்.

ஆகவே மணியன் கட்டாத ஆள். சௌந்திரமும் அவள் வீட்டுக்காரன் செங்கோட்டையனும் அவனைத் தங்கள் தோட்டத்து வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள்.

4

வீட்டில் கிடந்த காலத்தைப் பற்றி நிறைய எழுதி நிறையக் கிழித்தேன். சுருக்கமாக: புரட்டிப் போட வேண்டும் என்று யாருக்கும் தெரியாததால் முதுகிலும் புட்டத்திலும் புண் வைத்தது. சேலத்தில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, வடக்கே இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு மறுவாழ்வு இல்லம் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். அங்கே புண் ஆறவே பல மாதம் ஆயிற்று.

அங்கே பயிற்சி கொடுத்தவர் சுவாமிநாதன். இரக்கமாகப் பேசத் தெரியாத மனிதர். வந்த முதல் வாரமே மணியன் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார்.

“மூஞ்சி பார்க்க இல்லை. தினம் காலையில பின்பக்கம் பாருங்க. சிவப்பு எங்க இருக்குன்னு பாருங்க. உங்க உடம்பு உங்ககிட்டச் சொல்லாது. நீங்கதான் போய்க் கேட்கணும்.”

மணியன் கற்றுக்கொண்டான். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தாவ, நாற்காலியில் கையை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கித் தோலுக்கு ரத்தம் ஓடவிட, வேட்டிக்குள் மூத்திரக் குழாயைச் சரியாக வைத்துக்கொள்ள. தோள் இரண்டும் வண்டிமாட்டுக்குப் போல இறுகின. இரும்புக் கம்பியும் தோல் வாருமாகக் காலிபர் என்று ஒன்றைக் காலில் மாட்டி, முழங்காலைப் பூட்டி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தவும் செய்தார்கள். உடம்புக்கு நல்லது என்றார்கள். நடக்க அல்ல என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

பக்கத்துக் கட்டில் சென்றாயன், வாழப்பாடிக்காரன். புளி உலுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்தவன். அவனிடம் மணியன் தங்கையின் வேண்டுதலைச் சொன்னான்.

“அப்ப அந்தப் பொண்ணு கெழவியானாலும் வெறுங்காதுதான்,” என்றான் சென்றாயன். “உன் தங்கச்சி கொஞ்சம் ரோசன பண்ணி வேண்டியிருக்கக் கூடாதாப்பா? மாமன் நல்லா சாப்புடணும், கழியணும்னு வேண்டியிருந்தா இந்நேரம் ரெண்டு தடவை குத்தியிருக்கலாம்.”

மணியன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சௌந்திரம் ஒருமுறை பார்க்க வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது மணியனின் வலது கால் வெடுக்கென்று உதறியது.

“அண்ணா! காலு ஆடுச்சுங்கண்ணா! நான் பாத்தேன்!”

சுவாமிநாதன் அவளை உட்காரவைத்து விளக்கினார். அது நரம்பு தானாக இழுப்பது, மூளை சொல்லி ஆடுவதில்லை, இனியும் அப்படி இழுத்துக்கொண்டேதான் இருக்கும் என்றார். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். ஊருக்குப் போனதும் குலசாமிக்குத் தேங்காய் உடைத்தாள். கால் வந்துகொண்டிருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னாள். ஒவ்வொரு உதறலும் அவளுக்கு ஓர் அடி எடுத்து வைத்த மாதிரி.

அன்றைக்கே மணியன் சொல்லியிருக்கலாம். “இல்லை அம்மிணி, வராது” என்று மூன்று வார்த்தை. அவன் ஆரஞ்சுச் சுளையை வாங்கித் தின்றுகொண்டிருந்தான்.

5

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. உண்மை தெரிந்தவன் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தான்? ஒரு சின்னப் பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறது. அதன் காதை இவன் கால் கட்டிப் போட்டிருக்கிறது. இவன் என்ன கல்லா?

முதலில், “தங்கையின் மனம் நோகுமே என்று —” என எழுதினேன். [பொய். அடித்தது.] அடுத்து, “சாமிக்குப் பயந்து —” என்றேன். [அதுவும் பொய். அவன் சாமிக்குப் பயந்தவன் அல்ல, சௌந்திரத்துக்குப் பயந்தவன்.]

நாலைந்து நாள் பேனாவைத் தொடாமல் இருந்த பிறகு புரிந்தது. டாக்டர் கைவிட்டுவிட்டார். சுவாமிநாதன் பட்டென்று சொல்லிவிட்டார். சென்றாயன் அதை வைத்து நக்கல் அடித்தான். ஊரில் மற்றவர்கள் அவனைப் பற்றிப் பேசும்போது ‘இருந்தான்’ என்று பேசப் பழகிவிட்டார்கள். இந்தப் பூமியில் ஒரே ஒருத்தி மட்டும் அவன் நடந்து வருவான் என்று வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் மகளின் காதில் துளை விழாத வரைக்கும் அந்தக் காத்திருப்பு இருக்கும். காது குத்திய அன்றைக்கு அதுவும் போய்விடும்.

அவனுக்கு நடக்க ஆசை இருந்தது என்று எழுதினால் போதாது. கனவில் அவன் ஓடினான், வரப்புத் தாண்டினான், சைக்கிள் மிதித்தான். விழித்ததும் போர்வைக்குள் கைவிட்டுத் தொடையைத் தொட்டுப் பார்ப்பான். கைக்குத் தொடை தெரியும். தொடைக்குக் கை தெரியாது. அப்படிப்பட்டவனை ஒருத்தி நம்பிக்கொண்டிருந்தால், அந்த நம்பிக்கையைத் திருப்பி எடுத்துக்கொள் என்று நீட்ட அவனுக்குக் கை வரவில்லை. எனக்கும் வந்திருக்காது.

6

ஊருக்குத் திரும்பினான். அப்போதுதான் எங்கள் பக்கம் கோழிப்பண்ணைகள் பெருக ஆரம்பித்திருந்தன. செங்கோட்டையனும் தோட்டத்தில் ஒரு கொட்டகை போட்டான். தரையைச் சிமெண்டுப் பாலால் மெழுகி, நாற்காலி ஓடுகிற அகலத்துக்கு நடைவழி விட்டான். முட்டை பொறுக்குவது மணியனின் வேலை. அட்டைகளை மடியில் அடுக்கிக்கொண்டு கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வருவான். கண்ணை மட்டும் மடியிலிருந்து எடுக்க மாட்டான். அட்டை சரிந்தால் மடி அவனுக்குச் சொல்லாது.

ஒருமுறை சுடுதண்ணீர்ப் போசியை மடியில் வைத்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டான். வேட்டியை விலக்கிப் பார்த்தபோது தொடை முழுக்கக் கொப்புளம். அன்றிலிருந்து அந்த மடியை அவன் நம்புவதில்லை.

சௌந்திரத்தின் மகள் பொன்னாயி என்ற பொன்னுவுக்கு அது எதுவும் தெரியாது. அவளுக்கு மாமன் என்றால் சக்கரம் வைத்த மனிதர். அம்மா வெண்டைக்காய் அரிய உட்கார்ந்தால் இவள் காம்புப் பக்கத்துத் துண்டுகளைப் பொறுக்கி, பிசுபிசுப்போடு இரண்டு காதிலும் ஒட்டிக்கொள்வாள். தலையை ஆட்டாமல், கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, கொட்டகைக்கு நடந்து வருவாள். காய்ந்து விழுகிற வரைக்கும் அவளுக்குத் தோடு.

ஒரு நாள் அப்படித்தான் வந்து நின்றாள்.

“மாமா, நீங்க எப்பங்க நடப்பீங்க?”

“ஏஞ்சாமி?”

“எனக்குத் தோடு போடோணும்.”

மணியனின் கண் மடியை விட்டு அவள் முகத்துக்குப் போய்விட்டது. மேல் அட்டை சரிந்து தரையெல்லாம் முட்டை. பொன்னு ஐயோ என்று குனிந்தாள், ஒரு காதிலிருந்து வெண்டைக்காய்த் துண்டு விழுந்தது. அவள் முட்டையை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் தேடினாள்.

7

முடிவுகள்.

முதல் முடிவு எழுத எழுத எனக்கே உடம்பு சிலிர்த்தது. மணியன் யாருக்கும் தெரியாமல் காலிபர் மாட்டிப் பழகுகிறான். கோயில் வாசலில் நாற்காலியை விட்டு எழுகிறான். கைத்தடிகளை ஊன்றி, இடுப்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு, வேர்த்து ஒழுக, சாமி முன்னால் போய் நிற்கிறான். ஊரே கைகூப்புகிறது. சௌந்திரம் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள், அண்ணனின் மடியில் —

அங்கே என் பேனா நின்றுவிட்டது. எந்த மடியில்?

வேண்டுதல் அவனை நிற்கச் சொல்கிறது. சடங்கு அவனை உட்காரச் சொல்கிறது. இத்தனை பக்கம் எழுதியும் எனக்கு இது தோன்றவில்லை. மணியனுக்குத் தோன்றியிருந்தது. ஆகவே அவனையே பேசவிட்டுவிட்டேன்.

சௌந்திரம் கொட்டகையில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அம்மிணி, புள்ளைக்குக் காது குத்திரலாம்.”

“குத்தலாங்கண்ணா. நீங்க எந்திரிங்க. அடுத்த நாளே குத்தலாம்.”

“நான் எந்திரிக்க மாட்டேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க. போன மாசங்கூடக் காலு துடிச்சுது.”

“அது துடிக்கும். சாவற வரைக்கும் துடிக்கும். நடக்காது. அங்க போன புதுசுலயே சொல்லிப்போட்டாங்க.”

அவள் கையிலிருந்த தேய்க்கிற நாரைக் கீழே வைத்தாள். “புதுசுலயேவா?”

“ஆமா.”

“அப்பறம் ஏனுங்கண்ணா எங்கிட்டச் சொல்லுல? இத்தன வருசம் நான் கோயிலு கோயிலா...”

மணியன் நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். “நீ ஒருத்தியாச்சும் நான் நடப்பேன்னு நெனச்சுட்டிருந்தே. அது எனக்கு வேண்டியிருந்துச்சு சௌந்திரம். புள்ள நேத்து வந்து எப்ப நடப்பீங்கன்னு கேட்டுது. அதுக்கு மேல என்னால முடியல.”

“சாமிகிட்டச் சொன்ன சொல்லு?”

“நிக்கறவனுக்கு மடி ஏது அம்மிணி? எந்தச் சாமியா இருந்தாலும் மாமன் உக்காந்தாத்தான் புள்ளைய வெக்க முடியும். நான் உக்காந்துதான இருக்கறேன். வந்து வெச்சுப் போடு.”

சௌந்திரம் அழுதாள். அவன் கிணற்றில் விழுந்த அன்றைக்கு அவள் அழவில்லை, கோயிலுக்கு ஓடிவிட்டாள். அன்றைய அழுகையையும் சேர்த்து இப்போது அழுதாள். ஊருக்கெல்லாம் எப்போதோ விழுந்துவிட்டவன், தங்கைக்கு இன்றைக்குத்தான் விழுந்தான். கோழிகள் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தன. மணியன் அவள் தலையில் கையை வைத்தான்.

[இரண்டாம் முடிவு இங்கேயே முடித்துவிடுவது. நண்பர் ஒருவர் படித்துவிட்டு அதுதான் நல்லது என்றார். அவருக்கு மகள் கிடையாது. பொன்னுவுக்கு இன்னும் தோடு போடவில்லையே என்ற கவலை அவருக்கு இல்லை.]

8

ஆகவே மூன்றாம் முடிவு.

குலசாமி கோயில். செங்கோட்டையனும் இன்னொருவரும் நாற்காலியோடு மணியனைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். விழுவதற்கு முன்னால் எடுத்து வைத்திருந்த கரைவேட்டி பூச்சி அரித்துப் போய்விட்டது. வேறு புதுசு கட்டியிருந்தான். ஊசி காதில் இருக்கும்போது கால் உதறிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவனுக்கு. துண்டால் இரண்டு தொடையையும் நாற்காலியோடு சேர்த்துக் கட்டச் சொன்னான்.

“மச்சான், நானும் ஒரு பக்கம் புள்ளையப் புடிச்சுக்கட்டுமா?” என்றான் செங்கோட்டையன்.

“வேண்டாம் மாப்ள.”

மற்ற பிள்ளைகளைக் கைக்குழந்தையாக மடியில் வைப்பார்கள். பொன்னு நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள். பாவாடையை ஒதுக்கிக்கொண்டு வந்து, மாமனுக்கு நோகக் கூடாது என்று கால் விரலைத் தரையில் ஊன்றியபடி, பட்டும் படாமலும் குந்தினாள்.

“நல்லா உக்காரு சாமி.”

“உக்காரட்டுங்களா?”

“உக்காரு.”

அவள் காலைத் தூக்கிக்கொண்டு முழுசாக உட்கார்ந்தாள். வேட்டி அழுந்தியதைப் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொண்டான். இத்தனை வருஷம் இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் ஏங்கினான். நடப்பதற்குக்கூட இவ்வளவு ஏங்கியதில்லை. வந்துவிட்டது. மடியில் பிள்ளை இருக்கிறாள். இரண்டு கையாலும் அவளை வளைத்துப் பிடித்திருக்கிறான். அவள் தலைமுடியின் எண்ணெய் வாசம் தெரிகிறது, அவள் மூச்சு விடுவது கைக்குத் தெரிகிறது. கைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். சௌந்திரம் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டாள். பொன்னு அந்தப் பிடியிலிருந்து முகத்தைத் திருப்பி மாமனைப் பார்த்தாள்.

“மாமா, நான் கனமா இருக்கறனுங்களா?”

மணியன் சொன்னான்: “இல்ல சாமி, பூவாட்ட இருக்கற.”

[அடித்தது. சின்னப் பிள்ளையிடம் பொய்.]

மணியன் சொன்னான்: “ஆமாஞ் சாமி, நல்ல கனம்.”

[அடித்தது. இதுவும் பொய்தான்; ஆனால் எவ்வளவு ஆசைப்பட்ட பொய்.]

மணியன் சொன்னான்: “தெரியலையே சாமி.”

[உண்மை. என் கையாலேயே எழுதினேன். சௌந்திரத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு அடித்துவிட்டேன்.]

என்னிடம் வேறு பதில் இல்லை. ஆசாரி கம்பியோடு காத்திருக்கிறார், அவசரப்படுத்தவில்லை. சௌந்திரம் அண்ணனைப் பார்க்காமல் சாமியைப் பார்க்கிறாள். பொன்னு மட்டும் மாமன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்குப் பதில் தெரிய வேண்டும்.

நான் எழுந்துகொள்கிறேன். எனக்கு எழுந்துகொள்ள முடிகிறது. நீங்கள் இப்படி வந்து உட்காருங்கள். பிள்ளை உங்கள் மடியில்தான் இருக்கிறாள். கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். சொல்லுங்கள்.